வாரம் 12 மணி நேரம்: வேலையும் கணினிக் கல்வியும்

வேலை பார்த்துக்கொண்டே கணினி படிக்க நினைப்பவருக்கு இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் கல்லூரிக்கு நாள்தோறும் போகாமலே பி.சி.ஏ. படிக்க இடம் தருகின்றன. கடும் நுழைவுத் தேர்வைத் தாண்டியவர்களுக்கு மட்டுமே கதவு திறந்த சென்னை ஐ.ஐ.டி., நிரலாக்கமும் தரவு அறிவியலும் கற்பிக்கும் இணையவழிப் பட்டப்படிப்பை 2020-இல் அறிவித்தது. அதில் சேர ஜே.இ.இ. மதிப்பெண் கட்டாயமில்லை. என்.பி.டெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் பாடங்களைக் கேட்கக் கட்டணமே கிடையாது. இத்தனை இருந்தும் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். காரணம் கேட்டால், மனமிருந்தால் மார்க்கமுண்டு, அவருக்கு மனம் போதவில்லை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்தப் பதில் தவறானது. படிப்பவருக்கு அநீதி இழைப்பதும்கூட. அவருடைய மன உறுதியை எடைபோடுவதை நிறுத்திவிட்டு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். படிப்பு அவரிடம் எத்தனை மணி நேரம் கேட்கிறது? அவர் செய்யும் பிழைக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் தருகிறது? தொலைநிலையில் கணினி கற்பது யாருக்குக் கைகூடும், யாருக்குக் கைகூடாது என்பதைப் பெரும்பாலும் இவ்விரண்டுமே தீர்மானிக்கின்றன.

மணிக்கணக்கை முதலில் பார்ப்போம். இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. பாடம் வாசிப்பது, ஒப்படைப்பு எழுதுவது, ஆய்வகத்தில் செய்து பார்ப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வகுத்த பாடத்திட்டச் சட்டகம் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும் என்கிறது. இரண்டையும் பெருக்கினால் 3,600 மணி நேரம். மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க இக்னோ அதிகபட்சம் 6 ஆண்டு அவகாசம் தருகிறது. பண்டிகை, காய்ச்சல், வீட்டு விசேஷம் என்று ஆண்டுக்கு இரண்டு வாரத்தைக் கழித்துவிட்டால் மீதி 50 வாரம். ஆறாண்டும் விடாமல் வாரம் 12 மணி நேரம் படித்தால்தான் கணக்கு நேராகும். மூன்றே ஆண்டில் முடிக்க வேண்டுமென்றால் வாரம் 24 மணி நேரம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேர வேலையை உச்சவரம்பாக வைத்தது. அவ்வளவு நேரம் வேலை பார்க்கும் ஒருவர் மூன்றாண்டில் பட்டம் பெற வாரம் 72 மணி நேரம் உழைத்தாக வேண்டும். பயண நேரம் இதில் சேரவில்லை. சேர்க்கைக் குறிப்பேட்டில் 3 என்ற எண்ணும் 6 என்ற எண்ணும் அருகருகேதான் இருக்கின்றன. வேலையில் இருப்பவருக்கு உண்மையான எண் 6 என்பதைச் சேரும் நாளிலேயே யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நான்காம் ஆண்டில் இருப்பவர் நியாயமான வேகத்தில் போய்க்கொண்டிருந்தும் தான் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

அந்த 12 மணி நேரமும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். வாரத்துக்குக் கணக்கிட்டால் பெண்ணுக்கு ஏறத்தாழ 35 மணி நேரம், ஆணுக்கு 11 மணி நேரம். வெளியே வேலைக்குப் போகாத பெண்களும் அந்தச் சராசரியில் இருக்கிறார்கள். ஆகவே வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் ஆணைவிட வாரம் 6 மணி நேரம் கூடுதலாக வீட்டுக்கு உழைக்கிறார். படிப்பு கேட்கும் நேரத்தில் அது சரிபாதி. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிகளில் உட்காரும் இருவர் ஒரே கட்டணம் கட்டி ஒரே படிப்பில் சேர்ந்தாலும் அவர்கள் தொடங்கும் இடம் ஒன்றல்ல. தொலைநிலைக் கல்வி வீட்டுக்கே வருவதால் பெண்களுக்கு ஏற்றது என்று அடிக்கடி சொல்கிறோம். வீடு அவர்களுக்கு இன்னொரு பணியிடம் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம்.

அடுத்தது, பிழைக்குக் கிடைக்கும் பதில். இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் அந்தத் துறைக்கு வந்தன. பள்ளி ஆசிரியராகவோ அரசு அலுவலக எழுத்தராகவோ இருந்துகொண்டே பி.ஏ., எம்.ஏ. முடித்துப் பதவி உயர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எந்த நியாயமும் இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு உருவானது வரலாறு, இலக்கியம், வணிகவியல் போன்ற பாடங்களுக்காக. அச்சிட்ட பாடம், சனி ஞாயிறுகளில் சில வகுப்புகள், ஆண்டிறுதியில் ஒரு தேர்வு. வாசித்ததைத் தொகுத்து எழுதும் பாடத்துக்கு இது ஓரளவு போதும். கணினிப் பாடத்தையும் அதே ஏற்பாட்டுக்குள் வைத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. நிரல் எழுதுவதில் கைப்பழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தையல் கற்பவருக்குத் தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் திரும்பத் தைக்கும்போதுதான் கை படிகிறது. நிரலும் அப்படித்தான் வசப்படும். இன்று எழுதிய நிரலின் குறையை மூன்று மாதம் கழித்துச் சொன்னால், எழுதியவருக்கே அது அந்நியமாகியிருக்கும். ஒப்படைப்பு திருத்தப்பட்டுத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை போனதும், எழுதி முடித்த ஒப்படைப்புகளை விலைக்கு வாங்கி நகலெடுப்பது வழக்கமாகிறது. இதை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கண்டித்துவிட்டுப் போவது எளிது. யாரும் கருத்துச் சொல்லாத ஒரு வேலைக்கு, நேரமில்லாத மனிதர் அவ்வளவுதான் நேரம் ஒதுக்குவார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மற்ற எந்தப் பாடத்திலும் இல்லாத வசதியாக, கணினியே உடனுக்குடன் திருத்துகிறதே? அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் அந்த நொடியே பிழைச்செய்தி வருகிறது. விடையைத் தானாகச் சரிபார்க்கும் தளங்களும் இருக்கின்றன. அப்படியானால் தொலைவிலிருந்து கற்க இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. தொடக்கநிலையில் இந்த உடனடித் திருத்தம் பெரிய துணை. ஆனால் நிரல் ஓடுகிறதா என்பதைத்தான் இயந்திரம் சொல்லும். நல்ல நிரலா என்பதைச் சொல்லாது. வாடிக்கையாளர் முகவரியையும் அவருடைய ஒவ்வொரு கொள்முதலையும் ஒரே அட்டவணையில் திணித்தாலும் தரவுதளம் வாய் திறக்காது. கடவுச்சொற்களை மறையாக்கம் செய்யாமல் அப்படியே சேமித்தாலும் நிரல் ஒழுங்காக ஓடும். இவற்றைப் பார்த்து, இப்படிச் செய்தால் நாளை என்ன ஆகும் என்று சொல்ல அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். படிப்பு முன்னேற முன்னேற இயந்திரத்தின் திருத்தம் போதாமல் போய், மனிதத் திருத்தத்தின் தேவை கூடுகிறது. நம் தொலைநிலைப் படிப்புகளில் பலவீனமாக இருப்பதும் அந்தப் பகுதிதான்.

வேலையில் இருப்பவருக்குக் கல்லூரி மாணவரைவிடச் சாதகமான இடமும் ஒன்று இருக்கிறது. அதைப் பாடத்திட்டங்கள் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. கிடங்கு இருப்பைக் கையால் பதிவு செய்யும் ஒருவர் எக்செல் கற்கும்போது மறுநாள் காலையே அதைச் செய்து பார்க்க உண்மையான தரவு அவர் மேசையில் இருக்கிறது. டேலி கற்கும் கணக்கருக்கும் அப்படியே. தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தட்டச்சு நிலையங்களில் மாலை நேரத்தில் பயின்றே பலர் தயாராகிறார்கள். படித்த வித்தை உடனே அலுவலகத்தில் பயன்படுகிறது. இத்தகைய திறன்கள் வேலைக்கிடையே படிப்பவருக்கு நன்றாகவே பொருந்துகின்றன. கணினித் திறன் என்ற ஒரே பெயரின் கீழ் அலுவலக மென்பொருள், நிரலாக்கம், வலையமைப்பு மூன்றையும் போட்டுத் தொலைநிலை ஏற்றதா இல்லையா என்று வாதிடுவதால் பயனில்லை. வலையமைப்புக்குத் தொட்டுப் பழகக் கருவிகள் வேண்டும். நிரலாக்கத்துக்குத் திருத்தும் ஆள் வேண்டும்.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கும் சான்று உண்டு. மறதியை அளந்து ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கி, படிப்பை நாட்களுக்கிடையே பரப்பினால் நினைவில் நிற்கும் என்பது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை இன்னும் நேரடியாகப் பொருந்துவது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் காணொளிகளைப் பார்த்து முடிப்பவருக்கு அன்றிரவு எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். அந்த நிறைவு அடுத்த ஞாயிறு வரை தாங்காது. வேலைநாட்களில் ஒரு மணி நேரம் வீதம் நேற்றைய நிரலை மறுபடி எழுதிப் பார்ப்பது, விடுமுறையில் இடையூறில்லாத மூன்று நான்கு மணி நேரத்தைப் புதிய பயிற்சிக்கு வைத்துக்கொள்வது என்று பிரித்தால், அதே மணிகள் அதிகப் பலன் தரும்.

படிப்பை வடிவமைப்பவர்களின் பங்கு இதைவிடப் பெரியது. எட்எக்ஸ் தளத்தில் ஹார்வர்டு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகங்கள் நடத்திய பாடங்களின் பதிவுகளை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரெஸ் வாலியென்டேயும் ஆராய்ந்து 2019-இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். 2017-18-இல் பங்கேற்றவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. இலவசக் காணொளி போதும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைக்க வேண்டும். சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் எண் குறையத்தானே செய்யும் என்று கேட்கலாம், சரியான கேள்விதான். ஆனால் அதே ஆண்டில், கட்டணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் முடித்தவர்கள் 46 விழுக்காடு. பாடம் இரு தரப்புக்கும் ஒன்றே. பணம் கட்டும் அளவுக்கு உறுதியோடு வந்தவர்களிலும் பாதிக்கு மேல் நின்றுபோனார்கள் என்றால், உறுதியால் மட்டும் எல்லாம் விளங்கிவிடாது.

எது நன்றாக நடக்கும் என்பதற்கு ஜார்ஜியா டெக் ஓர் எடுத்துக்காட்டு. அட்லாண்டாவிலுள்ள அந்தப் பல்கலைக்கழகம் கணினி அறிவியல் முதுநிலைப் பட்டத்தை 2014 ஜனவரியில் இணைய வழியில் தொடங்கியது. மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர். ஜோஷுவா குட்மன், ஜூலியா மெல்கர்ஸ், அமண்டா பாலே ஆகிய மூவரும் அதை ஆராய்ந்தபோது, விண்ணப்பித்தவர்கள் பெரும்பாலும் வேலையில் இருந்த நடுவயதினர், சராசரி வயது 34 என்று கண்டார்கள். வளாகத்தில் நேரில் படிக்க விண்ணப்பித்தவர்களின் சராசரி 24. இணையப் படிப்பில் இடம் கிடைக்காதவர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரவில்லை, படிக்காமலே இருந்துவிட்டார்கள். அதாவது இந்தப் படிப்பு வளாகக் கல்லூரிகளின் மாணவர்களைப் பறிக்கவில்லை. வேறு வழியே இல்லாத ஒரு கூட்டத்துக்குக் கதவு திறந்தது. பருவத்துக்குப் பருவம் காலவரையறை, செயல்திட்டங்கள், அவற்றைத் திருத்தும் உதவி ஆசிரியர்கள், கண்காணிப்புடன் தேர்வு எல்லாம் அங்கே உண்டு. விலையை மட்டும் குறைத்தார்கள், கெடுபிடியைக் குறைக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் பட்டப்படிப்பிலும் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு, தேர்வை மையத்துக்கு நேரில் வந்துதான் எழுத வேண்டும். அடிப்படைநிலை, டிப்ளமோ, பட்டம் என்று இடையிடையே சான்றிதழோடு வெளியேறவும் வழி வைத்திருக்கிறார்கள். வேலை மாறுதல், பிரசவம், பெற்றோர் நோய் என்று எது எப்போது வருமென்று தெரியாதவருக்கு இந்த இடைப்படிகள் மிக முக்கியம்.

கெடு வைத்தால் ஷிப்டு மாறும் தொழிலாளி எப்படிச் சமாளிப்பார் என்பது அடுத்த கேள்வி. ஆனால் கட்டாயம் எதுவும் இல்லாத பாடத்தில் நடப்பதை அந்த 3.13 விழுக்காட்டில் பார்த்தோம். என்.பி.டெல்லின் முறை இதற்கு நல்ல விடை. 12 வாரப் பாடத்தில் வாரம் ஓர் ஒப்படைப்பு. அவற்றில் சிறந்த எட்டின் சராசரியே கணக்கில் சேரும். இரவு ஷிப்டில் இரண்டு வாரம் போனாலும் மதிப்பெண் போகாது. ஆனாலும் பாடம் தன் போக்கில் நகர்ந்துகொண்டிருக்கும்.

பட்டத்தின் மதிப்பைப் பற்றிய அச்சம் பெருமளவு பழைய காலத்தது. பி.இ., பி.டெக். போன்ற பொறியியல் பட்டங்களை அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் கடுமையாகத் தீர்ப்பளித்தது. பல ஆண்டு உழைத்துப் பெற்ற பட்டம் செல்லாது என்று கேட்ட துயரம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே சேருமுன் அந்த ஆண்டுக்கு மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அனுமதி பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்துக்கு இணையானவை என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. தனியார் நிறுவனங்கள் எப்படியும் நிரல் எழுதச் சொல்லித்தான் சோதிக்கின்றன.

கருவியும் மொழியும் இதைவிடக் கவலைக்குரியவை. 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் கணினி இருந்த வீடுகள் நாட்டில் 10.7 விழுக்காடு, ஊரகத்தில் 4.4 விழுக்காடு. கைப்பேசி இப்போது எல்லோர் கையிலும் இருக்கிறது. அதில் பாடம் கேட்கலாம்; ஆனால் உள்ளங்கையளவு திரையில் நூறு வரி நிரலை எழுதிப் பிழை தேடுவது பெரும்பாடு. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாணவர்களைக் கருதியது. பள்ளியைவிட்டு வேலைக்குப் போய்விட்டவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அரசுக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் கணினி ஆய்வகங்களை இரவு ஒன்பது வரை இவர்களுக்குத் திறந்துவைக்கலாம். கூடவே ஒரு பயிற்றுநரை அமர்த்தினால், மேலே சொன்ன திருத்தும் ஆளும் கிடைத்துவிடுவார். மொழியைப் பொறுத்தவரை, பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் சிறு பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. தமிழ்வழியில் படித்து வேலைக்குச் சென்றவர் களைத்த கண்களோடு இரவில் ஆங்கிலப் பாடத்தைத் திறக்கும்போது மொழிக்கே பாதி நேரம் போகிறது. அவருடைய 12 மணி நேரத்தில் அதுவும் ஒரு கழிவு.

நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று இப்போது கேட்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு ஐயம் கேட்க ஆளில்லாதவருக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் செய்த ஆய்வு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாட்ஜிபிடி போன்ற கருவியைக் கட்டுப்பாடில்லாமல் பயன்படுத்தியவர்கள் பயிற்சியில் 48 விழுக்காடு மேம்பட்டார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைக் கொடுக்காமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த கருவியில் அந்த இழப்பு பெரும்பாலும் மறைந்தது. தொலைநிலைப் பல்கலைக்கழகங்கள் இரண்டாவது வகையைத் தங்கள் பாடங்களுக்கென்று அமைத்துத் தர வேண்டும். முதல் வகையைத் தடை செய்வதாக அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது பொறுப்பாகாது.

கடைசியாக, வேலை தருபவர். ஊழியர் கற்கும் கணினித் திறனால் நிறுவனமும் பயனடைகிறது. நேரச் செலவு முழுவதும் ஊழியரின் தூக்கத்திலிருந்து போகிறது. சம்பளத்துடன் கூடிய கல்வி விடுப்பு பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974-இலேயே 140-ஆம் உடன்படிக்கையை இயற்றியது; இந்தியா அதை ஏற்கவில்லை. சிங்கப்பூர் 2016-இல் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பயிற்சிக் கணக்கில் வரவு வைத்தது. 2024-இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இன்னும் 4,000 வெள்ளி சேர்த்தது. கட்டணத்துக்குப் பணம் கொடுத்தால் போதாது, படிக்கும் காலத்தில் வருமானம் குறைவதையும் ஈடுகட்ட வேண்டும் என்று கண்டு, நடுவயதினர் முழுநேரம் பயிலும்போது மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையையும் அறிவித்தது. படித்தால் நிறுவனத்தைவிட்டுப் போய்விடுவார் என்பது முதலாளிகளின் பயம். அதற்கும் தீர்வு உண்டு: விடுப்பு கொடுத்த காலத்துக்கு ஏற்ற நியாயமான பணி ஒப்பந்தம். அவ்வளவு தூரம் போக முடியாத சிறு நிறுவனம்கூடத் தேர்வு வாரத்தில் ஷிப்டை மாற்றிக் கொடுக்கலாம், வாரத்தில் இரண்டு மாலை மிகைநேர வேலைக்கு அழைக்காமல் இருக்கலாம். அந்த இரண்டு மாலைகளில் மூன்று மூன்று மணி நேரம் கிடைத்தாலே, படிப்பு கேட்கும் நேரத்தில் பாதி கைக்கு வந்துவிடும்.